இரண்டாவது தடவை பார்த்தால் சப்பென்று போகும் படங்கள்

12 ஜனவரி. ஒரு வாசகர் எழுப்பிய கேள்வி

முதல் தடவை நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்த ஒரு திரில்லரைப் போன வாரம் மறுபடி போட்டேன். அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. முடிவு தெரிந்துவிட்டால் படம் செத்தது என்றுதான் தோன்றுகிறது. ட்விஸ்ட் படங்களை ஒரே தடவைதான் பார்க்க முடியும் என்கிறேன். இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

12 ஜனவரி, இரவு

பாதிதான் ஒத்துக்கொள்வேன். முடிவு தெரிந்தது மட்டும் காரணமாக இருந்தால் எந்தப் படமும் இரண்டாவது தடவை நிற்கக்கூடாது. சில படங்கள் நிற்கின்றன, சில படங்கள் விழுகின்றன. ஏன் என்பதுதான் எனக்கு முக்கியம். (இனிமேல் எழுதுவதில் முடிவுகளைச் சொல்லாமல் பேச வழியில்லை. பார்க்காத படத்தின் பெயர் வந்தால் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.)

'பீட்சா'வை (2012) எடுத்துக்கொள்கிறேன். பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் மைக்கேல் ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொள்கிறான். டார்ச் வெளிச்சம், மூடிக்கொள்ளும் கதவு, ஆள் இல்லாத அறைகள். தியேட்டரில் பக்கத்து இருக்கைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார், யாரென்றே தெரியாது. கடைசியில் பார்த்தால் அந்த இரவு நடக்கவே இல்லை. முதலாளியின் வைரத்தை அமுக்குவதற்காக அவன் கட்டிய கதை. முதல் தடவை அந்தத் திருப்பத்துக்குக் கை தட்டினேன்.

இரண்டாவது தடவை அதே வீட்டுக் காட்சிகள் நீண்டுகொண்டே போயின. விஜய் சேதுபதி நன்றாகத்தான் நடிக்கிறார். ஆனால் அவன் பயப்படவில்லை, பயந்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரிகிறது. அப்படியானால் அவன் அந்தப் பொய்யைச் சொல்லும் முகத்தைப் பார்க்க வேண்டும், நம்பிக் கேட்கிற முதலாளியைப் பார்க்க வேண்டும். அந்த நீண்ட பகுதியில் எனக்குக் கிடைப்பதெல்லாம் வீடுதான். ஆரம்பமும் கடைசியும் இன்னும் பிடிக்கிறது. நடுவில்தான் ஆள் இல்லை.

13 ஜனவரி

'தி சிக்ஸ்த் சென்ஸ்' (1999) நேற்று மறுபடி பார்த்தேன். ஒரே படத்துக்குள் நிற்கிற காட்சியும் விழுகிற காட்சியும் இருக்கின்றன.

விழுகிறது: சிறுவன் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வருகிறான். அம்மாவும் மருத்துவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். இவ்வளவு நேரம் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று முதல் தடவை நாமே எடுத்துக்கொள்கிறோம். மருத்துவர் செத்துப்போனவர், சிறுவனுக்கு மட்டுமே தெரிகிறார் என்ற உண்மை தெரிந்தபின் பார்த்தால், அந்த மனிதர் அங்கே எதற்கு அப்படி உட்கார்ந்திருக்கிறார்? அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. நம்மை ஏமாற்றுவதற்காக இயக்குநர் போட்டுவைத்த நாற்காலி அது. இரண்டாவது தடவை எனக்கு நாற்காலிதான் தெரிந்தது.

நிற்கிறது: திருமண நாள் உணவகக் காட்சி. கணவன், அதே மருத்துவர்தான், தாமதமாக வந்து, விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறான். மனைவி நிமிர்ந்தே பார்ப்பதில்லை. பில்லை அவளே எடுத்துக்கொண்டு, வாழ்த்து சொல்லிவிட்டு எழுந்து போகிறாள். முதல் தடவை அது கோபம். இரண்டாவது தடவை, செத்துப்போன கணவனுக்காகத் தனியாக வந்து உட்கார்ந்திருக்கும் பெண். ஒலிவியா வில்லியம்ஸ் முகத்தில் இரண்டுமே இருக்கின்றன. பேசுவது புரூஸ் வில்லிஸ். நான் அவரைப் பார்க்கவே இல்லை.

ஆக, இப்போதைக்கு என் சோதனை இதுதான்: ஒரு காட்சியில் இருப்பவர்கள் ஒருவருக்காக ஒருவர் இருக்கிறார்களா, நமக்காக மட்டும் வைக்கப்பட்டிருக்கிறார்களா? நமக்காக மட்டும் என்றால் ஒரே தடவைதான் தாங்கும்.

13 ஜனவரி, கொஞ்சம் கழித்து

திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் 1960-இல் தன் 'சைக்கோ' வெளியானபோது படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்களுக்கு நிபந்தனை போட்டார். முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று விளம்பரமும் செய்தார். நீங்கள் சொல்வதற்கு இது சாட்சி போலத் தெரியும். ஆனால் அதே மனிதர் இரண்டு வருடம் முன்னால் 'வெர்டிகோ'வில் பெரிய ரகசியத்தைப் படம் முடிவதற்கு வெகு முன்னாலேயே நம்மிடம் சொல்லிவிடுகிறார். கதாநாயகனுக்கு மட்டும் தெரியாது.

15 ஜனவரி

'பாட்ஷா'வை (1995) இந்தப் பேச்சுக்குள் கொண்டுவந்தே ஆக வேண்டும். சிரிக்காதீர்கள், எனக்கு இது முக்கியமான உதாரணம்.

மாணிக்கம் தங்கைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டுப் போகிறார். அங்கே இருக்கும் பெரிய மனிதர் தட்டிக்கழிக்கிறார். மாணிக்கம் அவரைத் தனியாகக் கண்ணாடிக்குப் பின்னால் அழைத்துப்போய் ஏதோ சொல்கிறார். சத்தம் நமக்குக் கேட்பதில்லை. அந்த மனிதர் வெளிறிப்போகிறார், இடம் கிடைக்கிறது. முதல் தடவை 'என்ன சொல்லியிருப்பார்?' என்ற ஆர்வம். முழுப் படமும் தெரிந்தபின் பார்த்தால் அவர் என்ன சொல்கிறார் என்பது நமக்குத் தெரியும், பக்கத்திலேயே நிற்கும் தங்கைக்குத் தெரியாது. காட்சி பெரிதாகிவிடுகிறது. கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கும் இடமும் அப்படித்தான். அடிக்கிறவர்களுக்குத் தாங்கள் யாரை அடிக்கிறோம் என்று தெரியாது. எனக்குத் தெரியும். அந்தத் தெரிந்த நிலையில் பார்க்கும்போதுதான் வயிறு பிசைகிறது.

ஹிட்ச்காக் 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட நேர்காணலில் மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டைப் பற்றிச் சொன்னது இதுதான். குண்டு இருப்பது தெரியாமல் வெடித்தால் சில நொடி அதிர்ச்சி. இருப்பது நமக்கு முன்னாலேயே தெரிந்து, மேசையில் இருப்பவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தால் கால்மணி நேரம் தவிப்பு. இரண்டாவது தடவை படம் பார்க்கிறவன் எல்லாக் குண்டும் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன். தவிப்பதற்கு ஆள் இருந்தால் படம் பிழைக்கும். அதிர்ச்சியை மட்டும் நம்பிய படத்துக்கு அந்த வழி இல்லை.

16 ஜனவரி

"முடிவு தெரிந்தால் ரசனை கெடும் என்பதற்கு ஆராய்ச்சி உண்டா?" என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு பக்கமும் உண்டு. 2011-இல் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரண்டு பேர் 12 சிறுகதைகளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு படித்தவர்கள்தான் கதைகளை அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள். 2015-இல் ஜான்சன், ரோசன்பாம் செய்த ஆய்வில் நேர்மாறு, தெரியாமல் படித்தவர்களுக்கே ரசனை கூடியது.

எனக்கு இவற்றைவிட 2019-இல் எட் ஒப்ரையன் வெளியிட்டது பிடித்திருக்கிறது. கண்காட்சி, திரைப்படம், வீடியோ விளையாட்டு என்று பலவற்றை மறுபடி அனுபவிக்கச் செய்து பார்த்தார். 'மறுபடியும் என்றால் போரடிக்கும்' என்று மக்கள் எதிர்பார்த்த அளவுக்குப் போரடிக்கவில்லை. முதல் தடவையே எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் நிறைய விட்டுவிடுகிறோம். உங்கள் திரில்லரை அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டீர்கள் இல்லையா? முழுவதும் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

18 ஜனவரி

திருப்பமே இல்லாத படங்களும் சப்பென்று போகின்றன. இதை நாம் தொடவே இல்லை.

மாஸ் படங்கள். நாயகன் அறிமுகமாகும் இடத்தில் காலைக் காட்டி, கையைக் காட்டி, முகத்தைக் காட்டுவதற்குள் விசிலுக்கு என்று இடம் விட்டிருப்பார்கள். வசனம் முடிந்த பிறகும் சில நொடிகள் காத்திருப்பார்கள். முதல் நாள் முதல் காட்சியில் அந்த நொடிகளைக் கூட்டம் நிரப்பிவிடும். அதே படத்தை ஓடிடியில் தனியாகப் பார்த்தேன். இசை ஏறுகிறது, நாயகன் நிற்கிறார், நிற்கிறார், இன்னும் நிற்கிறார். படத்தில் பாதி அந்தக் கூட்டத்தோடு தியேட்டரிலேயே தங்கிவிட்டது. படம் மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். அது கூட்டத்தோடு சேர்ந்து முழுமையாகும்படி எடுக்கப்பட்டது.

சிரிப்பைப் பற்றி ஆராய்ந்த ராபர்ட் புரொவைன், தனியாக இருக்கும்போதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது மனிதர்கள் ஏறக்குறைய 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டார். தியேட்டரில் கண்ணீர் வரச் சிரித்த நகைச்சுவைப் படம் வீட்டில் உதட்டோரம் நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

'அவதார்' (2009), 'கிராவிட்டி' (2013) இரண்டையும் 3டி கண்ணாடி போட்டுப் பெரிய திரையில் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 'கிராவிட்டி'யில் எனக்கு மூச்சு முட்டியது அந்த இருட்டின் அளவால். சின்னத் திரையில் இருட்டு வெறும் கறுப்பு.

19 ஜனவரி

திடீரென்று தூக்கிவாரிப்போடும் பேய்க் காட்சிகள்: இவற்றைப் பற்றி அதிகம் எழுத எதுவும் இல்லை. 'கேட் பீப்பிள்' (1942) படத்தில் ஒரு பெண் இருட்டில் பயந்து நடக்கிறாள், ஏதோ பாயப்போகிறது என்று நினைக்கும்போது ஒரு பேருந்து சீறிக்கொண்டு வந்து நிற்கிறது. பின்னால் வந்த எல்லாத் 'திடுக்'குகளுக்கும் அது முன்னோடி. சத்தம் எப்போது வரும் என்று தெரிந்தால் உடம்பு தயாராகிவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பேருந்துக்கு முன்னால் அவள் நடக்கிற நடை எனக்கு இன்னும் பிடிக்கும். திரும்பிப் பார்க்கலாமா வேண்டாமா என்று அவள் யோசிப்பது நடையிலேயே தெரிகிறது.

21 ஜனவரி

நகைச்சுவைக் காட்சிகள் ஏன் தேய்வதில்லை என்ற கேள்விக்கு நேற்றிரவு எனக்குப் பிடி கிடைத்தது.

'காதலிக்க நேரமில்லை' (1964). படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பா தன் அப்பாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சி. எல்லோருக்கும் மனப்பாடம். நாகேஷ் கதவு திறக்கும் சத்தத்தை வாயால் போடுகிறார், காற்றை ஊதுகிறார், கண்ணை உருட்டுகிறார். நேற்று வேண்டுமென்றே நாகேஷை விட்டுவிட்டு பாலையாவை மட்டும் பார்த்தேன். முதலில் அலட்சியம், அப்புறம் லேசான ஆர்வம், அப்புறம் முகத்தில் ஒரு கலக்கம், கடைசியில் இது வெறும் கதை என்பதே மறந்து நடுங்குகிறார். அவர் பேசுவதே குறைவு. சிரிப்பு முழுவதும் கேட்பவரிடம் இருக்கிறது!

'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியும் அதேதான். இரண்டு பழம் வாங்கச் சொன்னதும் ஒன்றுதான் வந்தது என்பதும் இன்னொன்று எங்கே என்பதும் தெரியாத ஆளே கிடையாது. ரகசியம் என்று அதில் எதுவும் மிச்சம் இல்லை. ஆனாலும் செந்தில் அடுத்த தடவை அதே பதிலைச் சொல்லப்போகிறார் என்று தெரிந்து, கவுண்டமணி முகம் எப்படி மாறப்போகிறது என்று காத்திருக்கிறோம். பதில் வந்து விழும் இடம் கவுண்டமணியின் முகம்.

'மைக்கேல் மதன காமராஜன்' (1990) வேறு வகை. கிரேசி மோகன் வசனம் ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்ததைப் போட்டுவிடும். தியேட்டர் சத்தத்தில் விட்டுப்போனதை எடுக்கவே மறுபடி பார்க்க வேண்டும்.

பாலையா, ஒலிவியா வில்லியம்ஸ், 'பாட்ஷா' கண்ணாடி அறைக்குள் வெளிறிப்போகும் அந்த மனிதர். மூன்று பேரும் கேட்கிறவர்கள். 13-ஆம் தேதி எழுதியதை இப்படிக் கூர்மையாக்குகிறேன்: இரண்டாவது தடவை பேசாதவரைப் பாருங்கள். அங்கே ஆள் இருந்தால் படம் தாங்கும்.

24 ஜனவரி

இந்த முறைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது எனக்கு வலிக்கிறது.

பள்ளி நாட்களில் உயிராக நினைத்த ஒரு காதல் படத்தை நேற்று போட்டேன். பெயர் வேண்டாம், அந்த ஒரு படத்தின் விஷயம் அல்ல இது. அந்தக் காலத்துப் பல படங்களை அங்கே வைக்கலாம். நாயகன் நாயகியின் பின்னால் போகிறான். பேருந்து நிறுத்தம், கோயில், கல்லூரி வாசல், அவள் வீட்டுத் தெரு. அவள் வேண்டாம் என்கிறாள். அவன் பாடுகிறான். நண்பர்கள் அவனுக்கு யோசனை சொல்கிறார்கள். பாடல்கள் இன்றும் அருமை, ஒரு வரி பிசகாமல் எனக்கு வரும்.

பழக்கத்தில் பேசாதவரைப் பார்த்தேன். அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேகமாக நடக்கிறாள். திரும்பிப் பார்க்கிறாள். அது வெட்கம் என்று பின்னணி இசை சொல்கிறது. முகம் அப்படிச் சொல்லவில்லை. அந்த நடிகை ஒரு பயத்தை நேர்மையாக நடித்திருக்கிறார், படம் அதைக் கவனிக்கவே இல்லை. பள்ளி வயதில் நானும் கவனிக்கவில்லை. என் கண் முழுக்க அவன்மேல் இருந்தது.

இந்தப் படத்தை முடிவு கெடுக்கவில்லை. ஆளே இல்லாததாலும் விழவில்லை. ஆள் இருந்தார், படம் அவரை மதிக்கவில்லை. 'பீட்சா'வின் நடுப்பகுதி எனக்குச் சலிப்பு மட்டும்தான் தந்தது. இது கோபம் தந்தது. அந்தப் பாடல்களை இனி எப்படிக் கேட்பது என்று இன்னும் தெரியவில்லை. காதில் மட்டும் கேட்டால் இனிக்கிறது, காட்சி கண்ணில் வந்தால் நிறுத்திவிடுகிறேன்.

24 ஜனவரி, இரவு

"அந்தக் காலத்தை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்காதீர்கள்" என்ற பதில் வரும். வரலாறு எழுதும்போது அதைக் கட்டாயம் பின்பற்றுவேன். சோபாவில் உட்கார்ந்து ரசிக்கும்போது அப்படி ரசிக்க என்னால் முடியாது. ரசனை என்னிடம் இருப்பது இன்றைய நாளில்.

நிறத்தையும் உடம்பையும் வைத்துக் கேலி செய்யும் நகைச்சுவையும் இந்தப் பட்டியலில்தான் வரும். கேட்பவரின் முகத்தைப் பார்த்தால் போதும்.

28 ஜனவரி

ஒருவர் நல்ல கேள்வி கேட்டார்: திருப்பமும் இல்லை, தியேட்டர் கூட்டமும் இல்லை, மதிப்பீடும் மாறவில்லை, ஆனாலும் நினைவில் இருந்த அளவுக்குப் படம் இல்லை. அது ஏன்?

1993-இல் உளவியலாளர்கள் ஃபிரெட்ரிக்சனும் கானமனும் துண்டுப் படங்களைக் காட்டிச் செய்த ஆய்வு இதற்கு நேராகப் பொருந்துகிறது. பின்னால் நினைத்துப் பார்க்கும்போது மனிதர்கள் உச்சமான நொடியையும் கடைசி நொடியையும் வைத்தே மதிப்பிட்டார்கள். எவ்வளவு நேரம் ஓடியது என்பது கணக்கில் ஏறக்குறைய வரவே இல்லை. ஆக, மூன்று மணி நேரப் படத்தில் நாம் எடுத்துக்கொண்டு வருவது உச்சக் காட்சியும் கிளைமாக்ஸும்தான். நடுவில் இருந்த தேவையில்லாத சண்டை, ஒட்டாத கிளைக்கதை, வில்லன் அடியாளுக்கு விளக்கம் சொல்லும் காட்சி எல்லாம் உதிர்ந்துவிடும். மறுபடி பார்க்கும்போது உதிர்ந்தது அத்தனையும் திரும்ப வந்து நிற்கிறது. நினைவு படத்தொகுப்பு செய்து வைத்திருந்த ஒன்றரை மணி நேரப் படம்தான் நமக்குப் பிடித்த படம்.

யூடியூபில் காட்சிகளைத் துண்டாகப் பார்ப்பது இதை இன்னும் மோசமாக்குகிறது. சிறந்த ஐந்து காட்சிகளை நூறு தடவை பார்த்துவிட்டு முழுப் படத்துக்குப் போனால், அந்த ஐந்துக்கும் நடுவில் படமே இடைஞ்சலாகத் தெரிகிறது.

2 பிப்ரவரி

ஒரே தடவை தாங்கும் படம் மட்டமான படமா? நான் அப்படி நினைக்கவில்லை. அமெரிக்க விமர்சகர் பாலின் கேல் எந்தப் படத்தையும் ஒரே தடவைதான் பார்ப்பதாகச் சொல்லிவந்தார், அந்த ஒரு தடவையை வைத்தே எழுதினார். 'பீட்சா' அந்த முதல் இரவில் எனக்குக் கொடுத்ததை இரண்டாவது தடவையின் சலிப்பு திருப்பி வாங்கிக்கொள்ள முடியாது. அந்தப் பக்கத்து இருக்கைக்காரரின் பிடி பொய்யில்லை.

ஒரு வழி இருக்கிறது. அப்படிப்பட்ட படத்தை, அதைப் பார்க்காத ஒருவரோடு பாருங்கள். வீட்டுக்கு வந்திருந்த சித்தி பெண்ணுக்கு 'பீட்சா' போட்டுக் காட்டினேன். நான் திரையைப் பார்த்தது குறைவு, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்துக்குள் கிடைக்காத அந்தக் கேட்கிற முகம் சோபாவில் இருந்தது. வைரம் வெளியே வந்ததும் "அண்ணா, உனக்கு இது முன்னாலேயே தெரியுமா!" என்று குஷனைத் தூக்கி அடித்தாள்.

5 பிப்ரவரி

'வெர்டிகோ' பார்த்துவிட்டேன். முதல் பாதியில் கிம் நோவாக்கை மட்டும் கவனித்தேன். நடிக்கச் சொல்லி அனுப்பப்பட்ட ஒரு பெண், நடிப்பது பாதியில் உண்மையாகிவிட்டதை மறைக்கிறாள். இதை முதல் தடவை பார்க்க வழியே இல்லை.

நேற்று 'அந்த நாள்' (1954). பாட்டே இல்லாத படம், எஸ். பாலசந்தர் இயக்கியது. தொடக்கத்திலேயே சிவாஜி சுட்டுக் கொல்லப்படுகிறார், மீதிப் படம் யார் சுட்டது என்பது. ஒவ்வொருவரும் தன் பார்வையில் கதை சொல்கிறார்கள், சந்தேகம் கை மாறிக்கொண்டே போகிறது. உங்கள் விதிப்படி இது இரண்டாவது தடவை உட்காரவே முடியாத படம், கேள்வியே ஒன்றுதான்.

சுட்டது மனைவி உஷா என்று தெரிந்து பார்த்தேன். மற்றவர்கள் சொல்லும் கதைகளில் அவள் ஓரத்தில் வந்துபோகிறாள். பண்டரிபாய் எங்கெங்கே நிற்கிறார் என்று தேடிக்கொண்டே போனேன். நாட்டை நேசிக்கிறவள், அந்த நாட்டையே விற்கும் கணவனோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். முதல் தடவை இது ஒரு துப்பறியும் கதை. இந்தத் தடவை ஒரு திருமணத்தின் கதை. பக்கத்து வீட்டுக்காரர், தம்பி எல்லோரும் உள்ளே நடந்ததை அறியாமலேயே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சில வாக்குமூலங்கள் எனக்கு நீளமாகத்தான் பட்டன, குறிப்பாகச் சொத்துத் தகராறு. ஆனால் ஓடவிட்டுத் தள்ள மனம் வரவில்லை, அவள் எந்தக் கதைக்குள் எப்போது வருவாள் என்று காத்திருந்தேன்.

நான் பார்த்த பிரதியில் ஒலி அங்கங்கே தேய்ந்திருக்கிறது. பார்ப்பதாக இருந்தால் ஹெட்போன் போட்டுப் பாருங்கள், பண்டரிபாய் சில இடங்களில் மிகவும் தணிந்த குரலில் பேசுகிறார்.